அரளிக்கு அடியில்

— அஞ்சரைக்கு எந்திரிச்சேன். மோட்டார் போட்டேன். பல்லு வெளக்குனேன். பால்காரர் வந்தாரு, வாங்குனேன். காச்சுனேன்.

— குடிச்சீங்களா, மச்சான்?

— குடிச்சேன்.

— சக்கரை போட்டுங்களா?

— போட்டுத்தான்.

— அப்பறம்?

— வாசல் கூட்டுனேன். பேப்பர் பாத்தேன். துணி ஊற வெச்சேன்.

— அப்பறமுங்க?

— நீ வந்தே.

— இட்லி ஏதாச்சும்...

— மாப்ளே, பாலகோபாலு. தெனமும் காலையில போன் பண்ணி இதையே கேக்கறே. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை, அன்னூர்ல இருந்து வண்டியேறி வந்தும் இதையேதான் கேக்கறே. ரெஜிஸ்டர் ஏதாச்சும் எழுதறியா?

— சும்மா கேட்டனுங்க.

— சரி. வண்டியில என்ன கட்டியிருக்கே?

— எதுங்க?

— சாக்குல சுத்தி, நீளமா.

— அதுங்களா... மம்முட்டிங்க, மண்ணு வெட்டறது.

— எதுக்கு?

— சொல்றேனுங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு டவுட்டு தீத்து வைக்கோணும் நீங்க. பொங்கலுக்கு நான் நடத்தற கேபிள் டிவியில ஒரு நாடகம் போடலாம்னு இருக்கேன். நானே எழுதறேன். கதையெல்லாம் ரெடி.

— என்ன கதை?

— ஜாம்பி கதைங்க.

— என்ன பி?

— ஜாம்பி. போன வாரம் ஒரு இங்கிலீஸ் படம் போட்டனுங்க. செத்தவங்கெல்லாம் எந்திரிச்சு ஊருக்குள்ள நடந்து வாராங்க. ஆளக் கடிக்கறாங்க. கடிபட்டவனும் அப்படியே ஆயிர்றான்.

— பேய்.

— பேய் இல்லீங்க. பேய்க்குக் கால் கெடையாது. இதுக்குக் கால் உண்டு. மூளைதான் இல்ல.

— உன்னாட்ட.

— இப்ப சிரிச்சீங்களா?

— இல்ல.

— சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

— டவுட்டச் சொல்லு.

— இதே கருமத்தம்பட்டிக்குள்ள ஜாம்பி வந்துருச்சுன்னு வைங்க...

— தறி சத்தத்துல அது வர்றது ஒருத்தனுக்கும் கேக்காது.

— அதானுங்க.

— வந்தாலும் தெரியாது. நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவங்க எல்லாம் அப்படித்தான் நடந்து வருவாங்க. ஜாம்பியே கொழம்பிரும்.

— இருங்க, இத எழுதிக்கறேன்... சரி. ஹீரோ ஊட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கறான். வெளிய போக முடியாது. கடை இல்ல, கரண்டு இல்ல. ஊட்டச் சுத்தி ஒரு தோட்டம். இதே மாதிரி. அந்தத் தோட்டத்துச் செடியால அவனுக்கு ஆபத்து வருமா, வராதா? அதானுங்க டவுட்டு.

— வெளிய செத்தவன் நடந்து வர்றான். உள்ள இருக்கறவனுக்குச் செடியால என்ன ஆபத்து?

— அதத்தான் உங்களக் கேக்கறேன். நீங்க பி.எஸ்ஸி. தாவரவியல்.

— மில்லுல பஞ்சு டெஸ்ட் பண்றவன் நான். தாவரவியல் போயி ஒம்பது வருசமாச்சு.

— ஞாபகப்படுத்திப் பாருங்க. வாங்க, நடந்துக்கிட்டே பேசலாம். கேட்டுல இருந்து ஆரம்பிப்போம். காகிதப்பூ. முள்ளு இருக்குது. ஜாம்பிய நிறுத்துமா?

— நிறுத்தாது.

— ஏனுங்க?

— குத்துனா வலிக்கறவந்தான் நிப்பான். செத்தவனுக்கு என்ன வலி? கிழிஞ்சாலும் பிச்சுக்கிட்டு வருவான்.

— அப்ப ஹீரோவுக்கு?

— தப்பிச்சு ஓடறப்ப வேட்டி மாட்டிக்கும்.

— பேண்ட்டு போட்டிருக்கானுங்க.

— பேண்ட்டும் மாட்டும்.

— ஆக, காகிதப்பூ நம்ம கட்சி இல்ல.

— முள்ளு உசுரோட இருக்கறவனுக்குத்தான், மாப்ளே.

— உசுரோட... இருக்கறவனுக்கு... எழுதிட்டேன். அடுத்தது மல்லிக்கொடி. படத்துல ஜாம்பிக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க. மோப்பம் புடிச்சுத்தான் வருது. மல்லி வாசம் அத இழுக்குமா?

— ஆள் வாசத்த மறைக்கும். அதனால மல்லி நல்லது.

— இருக்கட்டும். பூசணிக்கொடி? கால்ல சுத்துமே.

— ஜாம்பி காலுலயும் சுத்தும். உழுந்தா எந்திரிக்கத் தெரியுமா அதுக்கு?

— மெதுவா எந்திரிக்கும். எங்க பெரியப்பாவாட்ட.

— அப்ப ஊட்டச் சுத்திப் பூசணி போடச் சொல்லு. காயும் ஆச்சு, காவலும் ஆச்சு.

— கத்தாழை?

— கத்தாழைய உடு. அத யாரும் சட்டை பண்ண மாட்டாங்க. செத்தவனும் சரி, இருக்கறவனும் சரி.

— பாத்தீங்களா, பேச ஆரம்பிச்சா எப்படிப் பேசறீங்க. நாப்பது நாளா ஆருகிட்டயும் ஒரு பேச்சு முழுசாப் பேசலையாமா.

— யாரு சொன்னா?

— ...பொதுவாச் சொன்னனுங்க. அடுத்தது, கெணத்து மேட்டுல ஊமத்தை.

— ம்.

— ஆபத்துங்களா?

— யாருக்கு?

— ரெண்டு பேருக்குஞ் சொல்லுங்க.

— ஜாம்பி ஊமத்தை திங்காது. மனுசனத்தான் திங்கும். நீதான சொன்னே.

— ஹீரோவுக்கு?

— அவன் எதுக்கு ஊமத்தைகிட்டப் போறான்?

— பசிக்குதுங்க. பத்து நாளாச்சு. சோறு இல்ல. புத்தி கலங்கிப் போச்சு.

— அந்தப்பக்கம் முருங்கை நிக்குது. வாழை நிக்குது. கொய்யா காச்சுத் தொங்குது. அத உட்டுப்போட்டு இங்க வர்றானா? அவன் ஏற்கனவே கடிபட்டவனா?

— தனியா இருக்கானுங்க, மச்சான். தனியா இருந்தா மனுசன் எப்படியோ ஆயிர்றான்.

— ஏன் தனியா இருக்கான்? கல்யாணம் ஆகலையா?

— ஆயிருச்சுங்க.

— பொண்டாட்டி எங்கே?

— செத்துப்போச்சுங்க. ...கதையில.

— எத்தனை நாளாச்சு?

— கதையிலங்களா?

— கதையிலதான்.

— ஒரு நாப்பது, நாப்பத்தஞ்சு நாள்னு வெச்சிருக்கேன்.

— கொழந்தைங்க?

— இல்லீங்க.

— என்ன வேலை பாக்கறான்? மில்லுலயா?

— மச்சான்...

— இல்ல, யாரு நடிக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். நடந்துக்கிட்டே பேசலாம்னியே. நட.

— ...அடுத்தது இந்த அரளிங்க.

— எட்டுச் செடி. காம்பவுண்டு நீளத்துக்கு. உங்கக்கா கருணா வெச்சது.

— தெரியுமுங்க. நாந்தான் குழி எடுத்தேன். இது... ஜாம்பிய நிறுத்துமாங்க?

— நிறுத்தாது.

— ஹீரோவுக்கு?

— நீயே சொல்லு.

— வெசமுங்க.

— ஆமா.

— அப்ப ஜாம்பி வர்றதுக்கு முன்னாடியே அவன் என்ன பண்ணிரோணும்னா, இந்த எட்டையும் வேரோட எடுத்துரோணும். ஊமத்தையும். கதைப்படி சொல்றேன்.

— கதைப்படி புடுங்கறதுக்கு நெசமான மம்முட்டி எதுக்கு?

— ...சூட்டிங்குக்குங்க. செடி கேமராவ மறைக்குது.

— கேமரா எங்கே?

— அடுத்த வாரம் வருதுங்க. கல்யாண வீடியோ எடுக்கறவங்கிட்டச் சொல்லியிருக்கேன்.

— மாப்ளே. உங்கக்கா கடைசியா என்ன சொன்னா?

— தெரியுமுங்க.

— சொல்லு.

— ‘தோட்டத்துல ஒரு செடியக்கூட வெட்டிப்போடாதீங்க’ன்னுச்சு.

— பதினாறாம் நாள் உங்க பெரியப்பா, கருணா வெச்ச செடியெல்லாம் எடுத்துரலாம், கண்ணுல பட்டுட்டே இருக்கும்னாரு. நான் இதச் சொன்னேன். எல்லாரும் வாய மூடுனாங்க. நீயும் இருந்தே.

— இருந்தனுங்க. அதனாலதான் வெட்டல. புடுங்கறேன். புடுங்கி, எங்க தோட்டத்து வேலியோரமா நட்டுப்போடறேன். அக்கா வெட்டக்கூடாதுன்னுதான் சொல்லுச்சு. எடம் மாத்தக்கூடாதுன்னு சொல்லலையே.

— இத எத்தனை நாளா யோசிச்சே?

— ரெண்டு நாளுங்க.

— வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ.

— ப்ளஸ் டூவே தாண்டலீங்களே.

— பாலுத் தம்பி... வந்தாச்சா? வண்டிச் சத்தம் கேட்டுச்சு.

— வந்துட்டேனுங்க, குல்சும் அக்கா. செத்த நேரத்துல உங்க ஊட்டுக்கே வாரேன். நீங்க உள்ள போங்க.

— சுவத்துக்கு இந்தப்பக்கம் நின்னுக்கறேன், அதுக்கென்ன. கறிவேப்பிலை ரெண்டு கொத்து ஒடிச்சுக் குடு. அப்பறம், நேத்து பத்தேகாலுக்கு லைட்டு அணைஞ்சிருச்சு. காலையில அஞ்சரைக்கு மோட்டார் சத்தம். பால் வாங்கியாச்சு.

— அக்கா, அப்பறம் பேசலாமுங்க...

— நீதான எல்லாம் பாத்துச் சொல்லச் சொன்னே. அரளிப்பக்கம் போனா ஒடனே போன் போடுங்கன்னியே. செவ்வாக்கெழமை போட்டேனே, ஒரு மணி நேரமா அங்கயே குத்த வெச்சு ஒக்காந்திருக்காருன்னு... ஏன் இப்படிக் கண்ணக் காட்டறே? யா அல்லா. திருமூர்த்தித் தம்பியும் அங்கயேதான் நிக்குதா?

— நிக்கறேனுங்க அக்கா.

— முருங்கை மறைச்சிருச்சு தம்பி. தெரியல.

— பரவால்லீங்க. இந்தாங்க கறிவேப்பிலை.

— மனசுல வெச்சுக்காதே, தம்பி. உம் மேல இருக்கற பிரியந்தான்.

— தெரியுமுங்க அக்கா.

— அடுப்புல சோறு கொதிக்குது. நான் போறேன்.

— மச்சான்.

— ம்.

— கோவமா?

— நாடகம் உண்டா, இல்லியா?

— இல்லீங்க.

— அந்தப் படம்?

— படம் நெசமுங்க. அதப் பாத்துட்டுத்தான் இந்த ரோசனையே வந்துச்சு. நேரா வந்து, நீங்க ஏதாச்சும் பண்ணிக்குவீங்களோன்னு பயமா இருக்குதுன்னு எப்படிங்க கேக்கறது? வாயில வரல. ஜாம்பின்னா வருது.

— யாரு அனுப்புச்சது? அத்தையா?

— அம்மாதானுங்க. காலையில போன் பண்ணச் சொல்றதும் அதுதான். பக்கத்துலயே நிக்கும். நீங்க பால் குடிச்சேன்னு சொன்னாத்தான் அது பால் குடிக்கும்.

— பதினாறுக்கு அப்பறம் அவங்க இந்தப்பக்கம் ஒரு நாள்கூட வரல.

— உங்க மூஞ்சியில முழிக்க முடியாதுங்குதுங்க. செவ்வாக்கெழமை இங்க ஒக்காந்து என்னங்க பண்ணீங்க? நெசத்தச் சொல்லுங்க.

— குனி.

— என்னுங்க?

— குனிஞ்சு பாரு. அரளிய இல்ல. அதுக்கு அடியில.

— களைதானுங்க மொளச்சிருக்குது.

— என்ன களை?

— ஏதோ ஒண்ணுங்க.

— பேரச் சொல்லு மாப்ளே.

— கீழாநெல்லிங்க.

— இதத்தான் புடுங்கிட்டிருந்தேன். ஒரு கூடை. ஒண்ணு விடாம. வியாழக்கெழமை ஒரு தூறல் போட்டுச்சு. இன்னைக்குப் பாரு, எப்படி நிக்குதுன்னு. செத்தது எந்திரிச்சு வருதுன்னு சொன்னியே, இதுதான் அது. நான் புடுங்கப் புடுங்க வருது.

— விடுங்க மச்சான்.

— நீ டவுட்டு கேட்டியே, தோட்டத்துச் செடியால ஆபத்து வருமான்னு. அரளி யாரையும் ஏமாத்தாது. வெசம்னு ஊருக்கே தெரியும், மாடுகூட வாய் வெக்காது. இது மருந்து. எல்லாரும் நம்பற மருந்து. அதான் ஆபத்து.

— வேண்டாமுங்க, அந்தப் பேச்சு.

— கருணாவுக்குக் கண்ணு மஞ்சளாச்சு. அத்தை வந்தாங்க. காமாலைக்கு ஊசி போட்டா உசுருக்கே ஆபத்து, கீழாநெல்லி அரைச்சு மோருல குடுங்க, உப்பு ஆகாதுன்னாங்க. பதினோரு நாள்.

— நாந்தானுங்க பறிச்சேன். அன்னூர்ல வரப்பு வரப்பாத் தேடி, பையில போட்டு, தெனமும் வண்டியில கொண்டாந்தேன். ஒரு நாள் கெடைக்கலீன்னு பக்கத்து ஊருக்கே போனேன். பறிச்ச கை இது.

— நீ பறிச்சே. அரைச்சது யாரு?

— அம்மா.

— அத்தை மொதல் நாலு நாள். அப்பறம் கை கடுக்குதுன்னாங்க. மீதி ஏழு நாள் நான். அஞ்சாவது நாள் அவ கையில நடுக்கம். ஆறாவது நாள் பகல் பூரா தூங்குனா. எழுப்புனா, என்ன கெழமைன்னு கேட்டா. அது நல்லதுக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும். படிச்சிருக்கேன்.

— அப்பறம் ஏனுங்க...

— அத்தை அத்தனை நம்பிக்கையா இருந்தாங்க. நீ அவ்வளவு தூரம் கொண்டுவந்து குடுத்தே. அவளும் மூஞ்சி சுளிக்காமக் குடிச்சா. இன்னும் ஒரு நாள் பாக்கலாம்னு நெனச்சேன். மறுநாளும் அதையே நெனச்சேன். ஏழு நாளும் அதையேதான்.

— ஆஸ்பத்திரியில என்னங்க சொன்னாங்க? அத எங்ககிட்ட நீங்க சொல்லவே இல்ல.

— ஒரு வாரம் முன்னாடி கொண்டாந்திருந்தாப் பாத்திருக்கலாம்னாங்க. அத்தைகிட்டச் சொல்லீராத. தாங்க மாட்டாங்க.

— அதுவே கண்டுபுடிச்சுருச்சுங்க. நாந்தான் எம் புள்ளையக் கொன்னுபோட்டேன்னு ஒக்காந்திருக்குது. ஊட்டுல இப்ப மோரே ஊத்தறதில்ல. நான் ஒரு நாள் கேட்டேன். எந்திரிச்சு உள்ள போயிருச்சு.

— நீ?

— நான் வரப்புமேல போறப்ப கீழ பாக்கறதில்லீங்க.

— ம்.

— நாம மூணு பேரும் ஒண்ணையேதான் நெனச்சிட்டிருந்திருக்கோம்.

— ஆளுக்கொரு பக்கம் கதவச் சாத்திக்கிட்டு.

— மச்சான், ஒண்ணு கேக்கட்டுங்களா? ஜாம்பி இல்லாம.

— கேளு.

— நெனச்சீங்களா? நாங்க பயந்த மாதிரி?

— ...நெனச்சேன்.

— எப்பங்க?

— அன்னைக்குத்தான். களை புடுங்கிட்டு நிமுந்தேன். இந்த அரளி முன்னாடி நின்னுச்சு. பாத்துட்டே இருந்தேன்.

— அப்பறம்?

— கூடையக் கொண்டுபோயிக் குப்பைமேட்டுல கொட்டுனேன். கை கழுவுனேன். மில்லுக்குப் போனேன்.

— இப்ப?

— அப்பப்ப வருது. வந்துட்டுப் போகுது. நீ போன் பண்ற நேரத்துல வர்றதில்ல.

— இனி பொழுதோட, சாயங்காலத்துலயும் பண்றேனுங்க.

— மத்தியானமும் பண்ணு.

— பண்றேனுங்க. மில்லுல திட்ட மாட்டாங்களா?

— திட்டட்டும்.

— அம்மாவ ஒரு நாள் கூட்டிட்டு வரட்டுங்களா?

— நான் வாரேன். சாயங்காலம் உன் வண்டியிலயே வாரேன். மொதல்ல அந்த மம்முட்டிய அவுத்துட்டு வா.

— எதுக்குங்க?

— எட்டையும் எடுத்துரலாம். ஊமத்தையும். நீ ஒரு பக்கம் தோண்டு, நான் ஒரு பக்கம் புடிக்கறேன். தெனமும் காலையில இதத் தாண்டித்தான் மோட்டார் போடப் போகோணும். எனக்கு வேண்டாம் இது.

— கீழாநெல்லி?

— அது மொளைக்கட்டும். செடி என்ன பண்ணும்.

— ...இல்லீங்க மச்சான். நான் கை வெக்க மாட்டேன்.

— இதுக்குத்தான வந்தே?

— வந்தனுங்க. ரெண்டு நாளா வெட்டறது வேற, புடுங்கறது வேறன்னு எனக்கு நானே நாயம் பேசிட்டிருந்தேன். இப்ப நீங்களே புடுங்குங்கறப்பப் பயமா இருக்குது. சாகறப்ப அக்கா கேட்டது அது ஒண்ணுதான். அதையும் பண்ணிப்போட்டா அதுகிட்ட நான் என்னத்தச் சொல்றது?

— அவ கேக்கல.

— என்னுங்க?

— கருணா அப்படி எதுவுஞ் சொல்லல. உங்க பெரியப்பா எடுத்துரலாம்னதும் எனக்கு வேற ஒண்ணுந் தோணல. அவ வெச்சது இதாவது இருக்கட்டும்னு இருந்துச்சு. வாயில வந்துச்சு, சொல்லிப்போட்டேன்.

— நீங்க கையப் புடிச்சிட்டிருந்தப்பச் சொன்னதா...

— கையப் புடிச்சிட்டிருக்கல. நான் அப்ப வார்டுலயே இல்ல, மாப்ளே. கீழ ரோட்டுல இருந்தேன். படியேறி வர்றதுக்குள்ள துணி போத்திட்டாங்க. இத உங்கம்மாகிட்டயும் இன்னைக்குச் சொல்லீரோணும்.

— அப்ப அக்கா ஒண்ணுமே சொல்லலீங்களா?

— சொன்னா. அன்னைக்குக் காலையில கொஞ்சம் தெளிவா இருந்தா. ஜன்னலோரக் கட்டில். கீழ ரோட்டையே பாத்துட்டிருந்தா. நான் செருப்பு மாட்டறப்பத் திரும்பிச் சொன்னா.

— என்னுங்க சொல்லுச்சு?

— ‘போயி டீ குடிச்சுப்போட்டு வாங்க. பன்னு மட்டும் வாங்கீராதீங்க, அந்தக் கடையில ஈ மொய்க்குது.’